நான்கு நாளும் பதினேழு ஆண்டும்

முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியப் படையில் இருந்த மார்ட்டின் ஓ'மீராவுக்கு, பிரிட்டிஷ் படையின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் ஏன் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லும் சான்றுரை மொத்தமே நாலு வாக்கியம். 1916 செப்டம்பரில் லண்டன் கெஜட் என்ற அரசிதழில் வந்தது. நான்கு நாள் கடும் சண்டையில், இரு படைகளுக்கும் நடுவே இருந்த வெட்டவெளிக்குத் திரும்பத் திரும்பப் போய், காயம்பட்டுக் கிடந்த அதிகாரிகளையும் சிப்பாய்களையும் கொண்டுவந்தார். அப்போது பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் பொழிந்துகொண்டிருந்தன. தாமாக முன்வந்து தோட்டாவும் எறிகுண்டும் சுமந்துபோய்க் கொடுத்தார். ஆபத்தை அடியோடு துச்சமாக மதித்தார், ஐயமின்றிப் பல உயிர்களைக் காத்தார். இவ்வளவுதான் செய்தி. எத்தனை பேரைத் தூக்கினார் என்ற கணக்கு அதில் கிடையாது. 20-க்கும் மேல் என்பது வேறு இடங்களில் சொல்லப்படுவது. எல்லோரும் இன்று அவரை ‘ஸ்ட்ரெச்சர் தூக்கி’ என்கிறார்கள். அந்தச் சொல்லும் சான்றுரையில் இல்லை.

இன்னொரு தாள் இருக்கிறது. 1919-ல் அவரைப் படையிலிருந்து விடுவித்தபோது மருத்துவர் எழுதியது. சித்தப்பிரமை, இல்லாத குரல்கள் கேட்கின்றன, இல்லாத உருவங்கள் தெரிகின்றன, பிறரைக் கொல்லவும் கூடும், தன்னை மாய்த்துக்கொள்ளவும் கூடும், கட்டிவைத்துக் காக்க வேண்டிய நிலை, விரைவில் தேறுவார் என்ற நம்பிக்கை இல்லை. இரண்டு தாளுக்கும் நடுவே மூன்று ஆண்டுகள். அடுத்தடுத்து வைத்து வாசித்தால், வீரன் போருக்குப் போனான், மனம் பேதலித்துத் திரும்பினான் என்று கதை தானாக வந்துவிடுகிறது. எனக்கு உறுத்துவது வேறு. அந்த ‘துச்சம்’ என்ற சொல். ஒருவர் நான்கு நாள் செய்த வேலையின் நுணுக்கங்களைத் தெரிந்துகொண்டு வாசித்தால், அந்தச் சொல் பொருந்தவே மாட்டேன் என்கிறது. பொருந்தாத அந்தச் சொல்தான், பிற்பாடு அவருக்கு நேர்ந்ததை யாரும் கணக்கில் வைக்காமல் போகவும் வழிசெய்தது என்று நினைக்கிறேன்.

கட்டைக்கு இத்தனை என்று கூலி

ஓ'மீரா 1885-ல் அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில், லோரா என்ற ஊர்ப்பக்கம் பிறந்தவர். பிள்ளைகள் நிறைந்த வீடு. கப்பலில் கரி தள்ளும் வேலை பார்த்தபடி ஆஸ்திரேலியா வந்து சேர்ந்தார். போருக்கு முன் அவர் பார்த்தது, மேற்கு ஆஸ்திரேலியாவில் கோலி ஊரைச் சுற்றிய காட்டில் ரயில் ஸ்லீப்பர் கட்டை செதுக்கும் தொழில்.

அந்தத் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜார்ரா என்ற மரம், யூகலிப்டஸ் இனம், செக்கச்செவேல் என்றிருக்கும். கறையான் எளிதில் தொடாது, அதனால்தான் தண்டவாளத்துக்கடியில் போட்டார்கள். மரத்தைச் சாய்த்து, இரண்டு பேர் இழுக்கும் நீள ரம்பத்தால் துண்டுபோட்டு, இரும்பு ஆப்புகளைச் சம்மட்டியால் இறக்கி நெடுக்குவாட்டில் பிளக்க வேண்டும். பிறகு கோடு போட்டு, அகன்ற அலகுள்ள கோடாலியால் நாலு பக்கமும் சதுரமாக்க வேண்டும். அங்குள்ள குறுகிய பாதைக்கு ஒரு கட்டை 7 அடி நீளம், 9 அங்குல அகலம், 4½ அங்குலத் தடிமன். பச்சை மரத்தில் அது 60 கிலோவைத் தாண்டும். ஏறக்குறைய ஓர் ஆள் எடை. கூலி நாள்கணக்கில் கிடையாது, தேறிய மரத்தின் அளவுக்குத்தான். நடுத்தண்டின் பொக்கை இருந்தாலும், பிசின் ஓட்டம் தெரிந்தாலும், ஓரத்தில் பட்டை மிஞ்சினாலும் சோதனைக்காரர் ஒதுக்கிவிடுவார். ஒதுக்கிய கட்டைக்குக் காசு இல்லை. அதனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வேகமாக வெட்டுகிறவர்கள் அல்லர். மரத்தை வெட்டுவதற்கு முன்பே இது தேறுமா தேறாதா என்று பார்த்துவிடுகிறவர்கள், சக்தியை எங்கே வீணாக்கக் கூடாது என்று அறிந்தவர்கள். இந்த மனுஷரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1915 ஆகஸ்டில், 29 வயதில், பெர்த் அருகே பிளாக்பாய் ஹில் முகாமில் படையில் சேர்ந்தார். 16-வது பட்டாலியன். எகிப்து வழியாக 1916 ஜூனில் பிரான்ஸ்.

ஓர் ஆளைத் தூக்குவது

பொசியேர் என்ற கிராமம் வட பிரான்ஸின் சோம் பகுதியில் ஒரு மேட்டின் மேல் இருந்தது. 1916 ஜூலை 23 தொடங்கி அதையும் அதைச் சுற்றிய மேட்டையும் பிடிக்க மூன்று ஆஸ்திரேலிய டிவிஷன்கள் மாறி மாறி இறங்கின. ஏழு வாரத்துக்குள் இறந்தும் காயம்பட்டும் சுமார் 23,000 பேரை இழந்தார்கள். ஆகஸ்டில், ஓ'மீராவின் பட்டாலியன் இருந்த 4-வது டிவிஷனின் முறை. கிராமத்திலிருந்து வடமேற்கே, மூக்கே பண்ணை என்ற இடத்தை நோக்கி நெருக்க வேண்டும் என்பது திட்டம். பிரெஞ்சுப் பெயர் வாயில் நுழையாததால் சிப்பாய்கள் அதை மாட்டின் ‘மூ’ ஆக்கிக் கொண்டார்கள். சிக்கல் என்னவென்றால், இப்படி ஒரு விரலைப் போல முன்னே நீண்டுபோகிற படைக்கு எதிரியின் குண்டு முன்னால் இருந்து மட்டும் வராது. வலப்பக்கத்திலிருந்தும், எதிரி கையில் இருந்த திப்வால் மேட்டிலிருந்து ஏறக்குறைய முதுகுப்பக்கத்திலும் வரும். மண்ணோ சுண்ணாம்பு மண். புதிதாகத் தோண்டிய குழி பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். தோண்டத் தோண்டக் காட்டிக்கொடுக்கும் மண். குண்டுமழையில் பதுங்குகுழிகள் தூர்ந்துபோய், வரைபடத்தில் மட்டும் இருந்தன.

இந்த இடத்தில் காயம்பட்டவரைக் கொண்டுபோவது எப்படி? புத்தகத்தில் இருக்கிற முறை சுலபம். பிரிட்டிஷ் மாதிரிப் பட்டாலியனில் ஸ்ட்ரெச்சர் தூக்க 16 பேர், பெரும்பாலும் பாண்டு வாத்தியக்காரர்கள். பெரிய தாக்குதல் என்றால் இரட்டிப்பாக்குவார்கள். அன்றைய ஃபர்லி ஸ்ட்ரெச்சரின் மரக்கம்பு 7¾ அடி, கான்வாஸ் 6 அடி, எடை 13, 14 கிலோ. ஆள் படுத்தால் 80 கிலோவைத் தாண்டும். முன்னால் பிடிப்பவர் இடதுகால் வைத்தால் பின்னால் பிடிப்பவர் வலதுகால் வைக்க வேண்டும். ஒரே காலாக நடந்தால் ஸ்ட்ரெச்சர் ஊஞ்சலாடி, உடைந்த எலும்பு தசையைக் கிழிக்கும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே நடக்க வேண்டும். சமதரையில் காயக்காரரின் கால் முன்னால் போகும், மேடு ஏறும்போது தலை முன்னால்.

தவறுகிற இடம் எது என்றால், பதுங்குகுழி நேர்கோடாக இருக்காது. ஒரு குண்டு விழுந்தால் அதன் சிதறல் நெடுகப் பாயக் கூடாது என்று சில கஜத்துக்கு ஒருமுறை முறித்துத் திருப்பித்தான் வெட்டுவார்கள். அந்த முடுக்கில் 7¾ அடிக் கம்பு திரும்பாது. திருப்ப வேண்டுமானால் ஸ்ட்ரெச்சரைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். தூக்கினால் காயக்காரர் விளிம்புக்கு மேலே தெரிவார். அதனால் பல நேரம் குழியை விட்டு வெளியேறி வெட்டவெளியில் நடப்பதே மேல் என்றாகும். பொசியேரில் குழியே தூர்ந்துவிட்டதால் அந்தத் தேர்வும் இல்லை. ஸ்ட்ரெச்சர் இல்லாத இடத்தில் ஒற்றை ஆளாகத் தூக்க வேண்டிவரும். வயிற்றிலோ மார்பிலோ அடிபட்டவரைத் தோளில் குறுக்கே போட்டால் அவர் முடிந்தார். தொடை எலும்பு முறிந்தவரை, காலோடு ஒரு துப்பாக்கியை வைத்துக் கட்டாமல் அசைக்கக் கூடாது. கட்டுவதற்குக் குண்டுக்குழிக்குள் படுத்தபடி சில நிமிஷம் வேண்டும். அந்தச் சில நிமிஷம் இருக்கிறதா என்று முடிவுசெய்வதும் தூக்குகிறவரேதான். தன் சட்டையில் தைத்திருக்கும் கட்டுத்துணியை அவருக்குப் பயன்படுத்தினால், தனக்கு அடிபடும்போது இருக்காது. அதனால் எப்போதும் காயம்பட்டவரின் சட்டையைத்தான் முதலில் கிழிக்க வேண்டும் என்பது விதி.

இதெல்லாம் பட்டாலியனின் உதவி நிலையம் வரைதான். அங்கே மருத்துவர் மார்ஃபியா போட்டு, போட்டதற்கு அடையாளமாக நெற்றியில் எழுதி அனுப்புவார். அங்கிருந்து வேறு பிரிவு ஆட்கள் பெகூர் மாளிகையில் இருந்த கட்டுப்போடும் நிலையத்துக்குத் தூக்கிப்போவார்கள். கடைசிக் கண்ணி எவ்வளவு சீராக இருந்தாலும், முதல் சில நூறு கஜத்தில் யாராவது ஒருவர் எழுந்து நடந்தால்தான் சங்கிலி ஓடும்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. மருத்துவப் பிரிவு ஆட்களின் கையில் செஞ்சிலுவைப் பட்டை இருக்கும்; அவர்களைச் சுடக் கூடாது என்பது ஜெனீவா உடன்படிக்கை. பட்டாலியனின் சொந்தத் தூக்கிகளுக்கு ‘எஸ்.பி.’ (ஸ்ட்ரெச்சர் பேரர், அதாவது தூக்கி) என்ற எழுத்துள்ள பட்டை மட்டும். சட்டப்படி அவர்கள் வெறும் சிப்பாய்கள், எதிரி சுடலாம். அந்தப் பாதுகாப்பு இல்லாததால்தான் அவர்களிடம் குண்டு சுமக்கவும் சொல்லலாம். ஓ'மீராவின் சான்றுரையில் வருகிற இரண்டாவது செயலை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மில்ஸ் எறிகுண்டு ஒன்று முக்கால் கிலோ, பெட்டிக்கு 12. முன்வரிசைக்குப் போகும்போது குண்டுப்பெட்டி, திரும்பும்போது மனுஷர். வெறுங்கையோடு நடக்கிற நடை ஒன்றுகூட இல்லை. ஆகஸ்ட் 9 முதல் 12 வரை, நான்கு நாள்.

ஒவ்வொரு நடைக்கும் முன்னால் எத்தனை கணக்கு இருக்கிறது பாருங்கள். குண்டு விழுகிற இடைவெளி என்ன, எந்தக் குழியிலிருந்து எந்தக் குழிக்கு ஓடலாம், கிடக்கிற இரண்டு பேரில் யார் பிழைப்பார், யாரை விட்டுவிட்டு வர வேண்டும். தேறுமா தேறாதா என்ற அதே பார்வை, இம்முறை மரத்தின் மேல் இல்லை. ஆபத்தைத் துச்சமாக மதிக்கிற ஆள் இந்த வேலையில் இரண்டாவது நடைக்கே திரும்ப மாட்டார். ஆபத்தை அணு அணுவாக மதித்து, அளந்து, அப்புறமும் போனவர்தான் நான்கு நாள் தாங்குவார். சான்றுரையை எழுதிய அதிகாரியைக் குறை சொல்லவில்லை. அது அன்றைய வாய்பாடு, மேலிடத்தில் தேற வேண்டுமானால் அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் அந்த வாய்பாடு அளந்ததை அழித்துவிட்டது, அளந்தவருக்கு என்ன செலவானது என்பதையும் சேர்த்து.

அதே 1916-ல் பிரிட்டிஷ் தலைமை, காயம்பட்டவரைத் தூக்கியதற்காக இனி விக்டோரியா கிராஸ் கிடையாது, அதையே கடமையாகக் கொண்டவர்களைத் தவிர என்று விதி போட்டது. காயமில்லாத சிப்பாய்கள் தோழனைத் தூக்குகிற சாக்கில் சண்டையை விட்டு வெளியேறுகிறார்கள் என்ற கவலை. அதிலும் ஒரு கணக்கு இருந்தது.

விழுப்புண்ணும் புறப்புண்ணும்

12-ஆம் தேதி அவருக்கே அடிபட்டது. இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். தேறித் திரும்பினார். 1917 ஏப்ரலில் மறுபடி காயம். ஜூலை 21 அன்று பக்கிங்காம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் கையால் விக்டோரியா கிராஸ். அடுத்த மாதமே முன்வரிசையில் மூன்றாவது காயம். மறுபடியும் திரும்பினார். 1918-ல் கார்ப்பரல், பிறகு சார்ஜென்ட். பதக்கத்தோடு ஆண்டுக்கு 10 பவுன் உதவித்தொகை.

தமிழில் முகத்திலும் மார்பிலும் பட்டதை விழுப்புண் என்றும் முதுகில் பட்டதைப் புறப்புண் என்றும் பிரித்தோம். ஒன்று பெருமை, மற்றது நாணம். பிரிட்டிஷ் படைக்கும் இப்படி ஒரு பிரிவினை இருந்தது, வியக்கத்தக்க அளவு நேரடியாக. போரின் அதிர்ச்சியில் மனம் குலைந்து, குண்டதிர்ச்சி என்று வருகிறவர்களை ‘டபிள்யூ’, ‘எஸ்’ என்று இரண்டாகப் பிரித்துச் சீட்டெழுதினார்கள். பக்கத்தில் குண்டு வெடித்து அதனால் நிலைகுலைந்தவர் ‘டபிள்யூ’, காயம்பட்டவர்; போரில் காயம்பட்டதற்கு அடையாளமான காயப்பட்டியைச் சட்டைக் கையில் அணியலாம். குண்டு எதுவும் அருகில் வெடித்ததாக நிரூபணம் இல்லாமல் உடைந்துபோனவர் ‘எஸ்’, நோயாளி. அவருக்குப் பட்டி இல்லை. எந்தக் குண்டு, எந்தத் தேதி, யார் பார்த்தது என்று எழுதிக்கேட்டுத்தான் பிரித்தார்கள். 1917-ல் குண்டதிர்ச்சி என்ற பெயரையே முன்வரிசையில் எழுதாதே, ‘இன்னும் முடிவாகாத நரம்புக் கோளாறு’ என்று எழுது என்றார்கள்.

இந்த வரிசையில் ஓ'மீரா எங்கும் வரவில்லை. மூன்று காயமும் உடம்பில் பட்ட, கணக்கில் ஏறிய காயங்கள். மூன்று முறையும் தேறியவர். ஆபத்தைத் துச்சமாக மதிப்பவர் என்று அரசே அச்சடித்துச் சொன்னவர். அவரைப் பார்த்து உறக்கம் வருகிறதா என்று கேட்க எந்த அதிகாரிக்குத் தோன்றும்?

1918 நவம்பர் 6 அன்று ஃபிரிமாண்டில் துறைமுகத்தில் வந்து இறங்கினார். ஐந்தே நாளில் போர் முடிந்தது. இறங்கிய சில நாட்களுக்குள் மனம் முற்றாகக் கலைந்தது. 1919 ஜனவரியில் கிளேர்மாண்ட் மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

முன்வரிசையில் இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை, ஊருக்கு வந்ததும் ஆனது என்பதை வைத்து, இது போரால் வந்ததா என்று இன்றும் சிலர் இழுக்கிறார்கள். இன்றைய நோய்ப்பெயர் ஒன்றை எடுத்து நூறு ஆண்டுக்கு முந்தைய ஆளின் மேல் ஒட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை; அவர் எழுதிவைத்த மனக்குறிப்பு எதையும் நாம் வாசிக்கவில்லை, மருத்துவர் எழுதியதை மட்டும்தான் வாசிக்கிறோம். ஒன்றை மட்டும் சொல்லலாம். சுமை இறக்கிய பிறகுதான் தோள் வலிக்கும் என்பது தூக்கிப் பிழைத்த எல்லோருக்கும் தெரியும். கப்பலிலிருந்து இறங்கிய அந்த வாரத்தில்தான், இரண்டரை ஆண்டில் முதல்முறையாக, அவர் எதையும் அளக்க வேண்டியிருக்கவில்லை.

கிளேர்மாண்டில் ஏழு ஆண்டுகள். 1926-ல் போர்வீரர்களுக்கென்றே பெர்த்தில் லெம்னோஸ் மருத்துவமனை திறந்தபோது அங்கே மாற்றினார்கள். லெம்னோஸ் என்பது கல்லிப்போலிச் சண்டையின்போது காயக்காரர்களை இறக்கிய கிரேக்கத் தீவின் பெயர். 1935-ல் மறுபடி கிளேர்மாண்ட். அந்த ஆண்டு டிசம்பர் 20 அன்று இறந்தார். வயது 50. கர்ரகட்டா இடுகாட்டின் கத்தோலிக்கப் பகுதியில் முழுப் படை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். துணை ஆளுநரே வந்திருந்தார். பதினேழு ஆண்டு சுவருக்குள் இருந்தவரின் சவப்பெட்டிக்குப் பின்னால் அணிவகுப்பு.

சிலுவை ஊருக்குப் போனது

அந்தப் பதக்கம் ஃபிரிமாண்டிலில் உள்ள படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியர் பெற்ற விக்டோரியா கிராஸை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகச் சட்டத்தில் இடமில்லாமல் இருந்தது. பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தின் முதல் வகுப்புப் பட்டியலில் அது இருக்கிறது. அதே பட்டியலில் இன்னொரு பொருளும் உண்டு: 1880-ல் கிளென்ரோவனில் போலீஸாரோடு மோதியபோது நெட் கெல்லி கும்பல் அணிந்த இரும்புக் கவசம். அயர்லாந்திலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதியின் மகன் கெல்லி. டிப்பரரிக்காரரின் வெண்கலச் சிலுவையும் கெல்லியின் கவசமும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து இருப்பதை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். தற்காலிகக் கடனாக மட்டும் அனுப்பலாம் என்று விதியைத் திருத்திய பிறகு, 2019 ஜூலையில் ஓ'மீராவின் பதக்கம் டப்ளினில் உள்ள அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனது. அப்படிப் போன முதல் பதக்கம் அதுதான். வைத்த இடம் காலின்ஸ் பாரக்ஸ், 1922 வரை பிரிட்டிஷ் படையின் ராயல் பாரக்ஸ்.

அவர் உயிரோடிருந்தபோது ஊர் அவரை வரவேற்றது இத்தனை எளிதாக இல்லை. பதக்கச் செய்தி வந்ததும் லோராவிலும் சுற்றுவட்டாரத்திலும் நிதி திரட்டினார்கள். ஆனால் 1916 ஏப்ரலில் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுச்சி, மே மாதம் தலைவர்களைச் சுட்டுக்கொன்றது பிரிட்டன். ஓ'மீரா பிரான்ஸில் கால்வைப்பதற்கு ஒரு மாதம் முன்பு. விடுப்பில் ஊருக்கு வந்தபோது அவர் போட்டிருந்த சீருடை ஆஸ்திரேலியாவுடையதுதான், சட்டையில் குத்தியிருந்தது அந்த அரசரின் பதக்கம். ஊரின் பார்வை மாறியிருந்தது. திரட்டிய பணத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. லோராவில் இடிந்து கிடக்கும் பழைய மடாலயத்தைப் புதுப்பிக்க அதைச் செலவிடும்படி உயிலில் எழுதினார். தொகை அதற்குப் போதவில்லை. ஊர்த் தேவாலயத்தின் பழுதுபார்ப்புக்குப் போய்ச் சேர்ந்தது. மடாலயம் இன்னும் கூரையில்லாமல்தான் நிற்கிறது.